ஐடில் நிற்காத பழைய கார்: ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன் ப்ரீதரைப் பாருங்கள்

பெங்களூரு அல்சூரில் இருக்கும் ஒரு பெரியவர் தன் பிரீமியர் பத்மினியை என்னிடம் கொண்டுவந்தபோது, அதற்கு முன்பே மூன்று மெக்கானிக்குகளிடம் காட்டியிருந்தார். காருக்குள் இருந்தது பழைய 1089 சிசி ஃபியட் இன்ஜின் இல்லை. 118 என்.இ. காரில் வந்த 1171 சிசி நிசான் ஏ12. அதிலும் கேம் ஷாஃப்ட்டை மாற்றி, ஹெட்டை இழைத்து, மேலே பளபளவென்று ஒரு அலுமினிய டேப்பெட் கவர் போட்டிருந்தார்கள். ஓடும்போது அருமையாக ஓடுகிறது. சிக்னலில் நின்றால் ஐடில், அதாவது ஆக்சிலரேட்டர் மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகம், 600 ஆர்பிஎம்முக்கு இறங்கும், 1100க்கு ஏறும், மறுபடி இறங்கும். நாலாவது முறை ஆஃப்.

"சில்க் போர்டு தாண்டறதுக்குள்ள பத்து தடவ செல்ஃப் அடிக்கணும் தம்பி. பின்னாடி இருக்கறவன் ஹார்ன் அடிச்சே கொன்னுடறான்" என்றார்.

பானட்டைத் தூக்கிப் பார்த்தேன். பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள ப்ரீதர் குழாயில், அதாவது இன்ஜினுக்குள் சேரும் வாயு வெளியேறும் குழாயில், ஒரு போல்ட்டைத் திணித்து, சுற்றிலும் எம்-சீல் பூசியிருந்தது. கலவை சிலிண்டருக்குப் போகும் மேனிஃபோல்டில், அந்த வாயுவை இழுத்துக்கொள்ளும் பிசிவி வால்வு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு அடைப்பு பிளக். டேப்பெட் கவரின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு குட்டி ஃபில்டர், அதைச் சுற்றி ஆயில் ஈரம். கார்புரேட்டரின் மிக்ஸ்சர் ஸ்க்ரூவைத் திருப்பித் திருப்பி அதன் தலைக் காடியே வழுவழுப்பாகிவிட்டது, ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கவில்லை. மூன்று பேரும் அந்த ஸ்க்ரூவோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

இருபது வருஷத்துக்கு மேலாக கார்புரேட்டர் வேலை செய்கிறேன். மாற்றியமைத்த பழைய இன்ஜினில் ஐடில் தகராறு என்று யார் வந்தாலும் என் கை முதலில் போவது ப்ரீதர் ஹோஸுக்குத்தான். அங்கே சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகே கார்புரேட்டர். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் நாள் முழுக்கத் திருகினாலும் ஐடில் நிற்காது.

உள்ளே நடப்பது என்ன

எவ்வளவு புது ரிங் போட்டாலும், பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் வாயு கீழே ஆயில் இருக்கும் சேம்பருக்குள் இறங்கத்தான் செய்யும். இதைத்தான் ப்ளோ-பை என்கிறோம். அதில் பெரும்பகுதி எரியாத பெட்ரோல் கலவை, மீதி நீராவியும் புகையும். இதை வெளியே எடுக்காவிட்டால் சேம்பரில் அழுத்தம் கூடும், ஆயில் கெடும்.

ரொம்பப் பழைய கார்களில் இதற்கென ஒரு வளைந்த குழாய் காரின் அடிவரை தொங்கும். கார் ஓடும்போது அடியில் பாயும் காற்று அதை உறிஞ்சும், நின்றால் உறிஞ்சாது. நம் ஊரில் ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம்தான் அதிகம், யோசித்துக்கொள்ளுங்கள். அப்புறம் வந்தது பிசிவி வால்வு. அமெரிக்காவில் கலிபோர்னியா கார்களில் 1961 மாடலிலும், நாடு முழுக்க 1963 மாடலிலும் அது வந்துவிட்டது. இன்ஜினின் சொந்த வேக்குவமே, அதாவது உறிஞ்சும் விசையே, ப்ளோ-பையை இழுத்து, மேனிஃபோல்டு வழியாக மறுபடி எரிப்பதற்கு அனுப்பும். இழுத்த அளவுக்குப் புதுக் காற்று ஏர் ஃபில்டரிலிருந்து டேப்பெட் கவர் வழியாக உள்ளே வரும்.

பிசிவி வால்வுக்குள் ஒரு சின்ன குண்டும் ஒரு ஸ்பிரிங்கும். ஐடிலில் வேக்குவம் பலமாக இருக்கும், குண்டு இழுபட்டு வழியைக் குறுக்கும், கொஞ்சம் காற்றுதான் போகும். ஓட்டத்தில் வேக்குவம் குறையும், ஸ்பிரிங் குண்டைத் தள்ளும், வழி அகலும். பேக் ஃபயர் அடித்தால் குண்டு எதிர்ப்பக்கம் போய் முழுக்க அடைத்துக்கொள்ளும், தீ சேம்பருக்குள் போகாது. அமைப்பு அவ்வளவுதான்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. ஐடிலில் இந்த வால்வு வழியாகப் போகும் காற்றையும் கணக்கில் வைத்துத்தான் கம்பெனியில் ஐடில் ஜெட்டை, அதாவது ஐடிலுக்குப் பெட்ரோல் அளந்து விடும் துளையை, தேர்ந்தெடுத்தார்கள். அது கார்புரேட்டரைத் தாண்டி வரும் அளவான காற்று. வால்வை எடுத்து அடைத்துவிட்டால் அந்தக் காற்றை வேறு எங்கிருந்தாவது கொடுத்தாக வேண்டும். எப்படிக் கொடுப்பார்கள்? ஐடில் ஸ்க்ரூவை ஏற்றி த்ராட்டில் தகட்டைக் கூடத் திறப்பார்கள். தகடு கூடத் திறந்ததும் அதன் விளிம்பில் இருக்கும் அடுத்த கட்டத் துளைகள் வெளிப்பட்டு, பெட்ரோல் அந்த வழியாகவே வர ஆரம்பிக்கும். அப்புறம் மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் இன்ஜின் அதைக் கேட்காது. பெரியவரின் காரில் நடந்தது இதுதான்.

என்னென்ன வேண்டும்

ஒரு வேக்குவம் கேஜ், ஹோஸை நசுக்க ஒரு பிளையர், சுற்ற ஒரு துணி, ஒரு மெல்லிய தாள், ஒரு மீட்டர் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் டியூப். டியூப்பை ஒரு அட்டையில் 'யு' வடிவத்தில் கட்டி, பாதி வரைக்கும் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை டிப் ஸ்டிக் குழாயில் இறுக்கமாகச் செருகினால் சேம்பர் அழுத்தத்தை அளக்கும் கருவி தயார். நான் பதினைந்து வருஷமாக இதைத்தான் வைத்திருக்கிறேன். ஐடிலில் தண்ணீர் இன்ஜின் பக்கம் ஓரிரண்டு அங்குலம் ஏறி நின்றால் சேம்பர் மெதுவாக உறிஞ்சுகிறது, நல்லது. எதிர்ப்பக்கம் தள்ளினால் அழுத்தம் கட்டியிருக்கிறது. கருவியை மாட்டுவதற்கு முன்பு ஆயில் ஊற்றும் வாயைத் திறந்து அதன் மேல் தாளை வைத்துப் பாருங்கள். தாள் மெதுவாக ஒட்டிக்கொண்டால் சரி, மாட்டலாம். விரலால் பிய்த்து எடுக்கும் அளவுக்குக் கவ்வினால் மாட்டாதீர்கள், தண்ணீர் இன்ஜினுக்குள் போய்விடும்.

வேக்குவம் கேஜைப் பற்றி ஒரு முக்கியமான விஷயம். புத்தகத்தில் நல்ல இன்ஜினுக்கு ஐடிலில் 17 முதல் 21 அங்குலம் (பாதரச அளவில்) என்று போட்டிருக்கும். அது கடல் மட்டத்துக்கான கணக்கு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் ஒரு அங்குலம் குறையும். பெங்களூரு ஏறக்குறைய 3000 அடி. ஆக இங்கே 14 முதல் 18 வரை இருந்தால் அது ஆரோக்கியமான இன்ஜின். 15 காட்டுகிறது என்பதற்காக வீணாக இன்ஜின் வால்வு ரிப்பேர் செய்யப்பட்ட கார்களை நான் பார்த்திருக்கிறேன், மனசு கஷ்டப்படும். மும்பையில் ட்யூன் செய்த நண்பர் ஃபோனில் சொல்லும் எண்ணை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். அதுபோல சென்னையில் ஜெட் வைத்த கார் இங்கே வந்தால் காற்று மெலிந்திருப்பதால் கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, ஓடும். இப்போது பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) அதையே கொஞ்சம் லீன் பக்கம், அதாவது பெட்ரோல் குறைந்த பக்கம், இழுக்கும். இரண்டும் சேர்ந்து எங்கே வந்து நிற்கும் என்பதை உங்கள் காரில் அளந்துதான் தெரிந்துகொள்ள முடியும்.

ஐடில் ஏறி இறங்குகிறது

இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள், எலக்ட்ரிக் ஃபேன் போட்டிருந்தால் அது ஒருமுறை சுற்றி நிற்கட்டும். பிசிவி வால்வுக்குப் போகும் ஹோஸைத் துணி சுற்றிய பிளையரால் மெதுவாக நசுக்குங்கள். காதும் டேக்கோமீட்டரும் என்ன சொல்கின்றன என்று பாருங்கள்.

ஆர்பிஎம் சுமார் 50 இறங்கி அங்கேயே நின்றால் வால்வு தன் வேலையைச் செய்கிறது. தகராறு வேறு இடத்தில். ஒன்றுமே மாறவில்லை என்றால் வால்வோ ஹோஸோ அடைத்திருக்கிறது. வால்வைக் கழற்றி காதோரம் ஆட்டினால் கடகடவென்று சத்தம் வரவேண்டும், வராவிட்டால் உள்ளே பிசின் பிடித்திருக்கிறது. கெரோசினில் ஊறவைத்துக் கழுவலாம்தான், ஆனால் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கழுவி என்ன பயன், மாற்றிவிடுங்கள்.

200, 300 என்று சடாரென்று விழுந்தால் வால்வு வழியாக அளவுக்கு மீறிக் காற்று போகிறது. குண்டு திறந்தபடியே மாட்டியிருக்கலாம். அதைவிட அதிகமாக நான் பார்ப்பது, வேறு இன்ஜினின் வால்வைப் போட்டிருப்பது. ஜே.சி. ரோட்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் கேட்டால் கையில் வைத்துப் பார்க்க ஒரே மாதிரி இருக்கும் நாலு வால்வுகளைக் கொடுப்பார்கள். மரையும் ஒன்று, நீளமும் ஒன்று. உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கும் துளையும் வேறு. பெரிய இன்ஜினுக்கான வால்வைச் சின்ன இன்ஜினில் போட்டால் ஐடிலில் அது ஒரு வேக்குவம் லீக்.

நாலாவது வகைதான் மாற்றியமைத்த இன்ஜினுக்கே உரியது. நசுக்கியதும் ஏறி இறங்குவது நின்று, இன்ஜின் ஒரே சீராக ஓட ஆரம்பிக்கும். ஹோஸில் விரலை வைத்தால் உள்ளே குண்டு துடிப்பது தெரியும். காரணம் கேம். டூரேஷன் அதிகமான, அதாவது வால்வை நெடுநேரம் திறந்து வைக்கும், கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடுதல், அதனால் ஐடில் வேக்குவம் 10, 11 அங்குலத்துக்கு விழும், ஊசியும் ஆடும். ஸ்டாக் இன்ஜினின் 16 அங்குலத்துக்காகச் செய்த ஸ்பிரிங் இந்த 10இல் என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் ஊசலாடும். ஒரு கணம் திறக்கும், கலவை லீனாகும், ஆர்பிஎம் விழும், வேக்குவம் விழும், இன்னும் திறக்கும். இப்படித்தான் ஏற்ற இறக்கம் உண்டாகிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஐடிலுக்கும் ஓட்டத்துக்கும் தனித்தனியாகச் செட் பண்ணக்கூடிய அட்ஜஸ்டபிள் பிசிவி வால்வு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டும், விலையும் அதிகம், ஆனால் வேலை சுத்தம். இன்னொன்று, வால்வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அளவான ஒரு துளை. நான் பழைய பித்தளை ஜெட் ஒன்றை எடுத்து டிரில் போட்டு ஹோஸுக்குள் வைத்து வெளியே கிளாம்ப் இறுக்குவேன். 1200 சிசி இன்ஜினுக்கு 1.5 மி.மீ.யில் ஆரம்பியுங்கள், 2 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். 3 மி.மீ. துளை போட்டால் ஐடில் காற்றில் மூன்றில் ஒரு பங்கு அதன் வழியாகவே போய்விடும், கார்புரேட்டருக்கு வேலையே இருக்காது. துளை வைக்கும்போது பேக் ஃபயர் தடுப்பு இல்லாமல் போகிறது என்பதை மறக்கக் கூடாது. ஹோஸ் பிளாக்கைச் சேரும் இடத்தில் பித்தளைக் கம்பிவலை அவசியம் வையுங்கள். ஓட்டத்தில் வரும் மீதி ப்ளோ-பை டேப்பெட் கவர் ஹோஸ் வழியாக ஏர் ஃபில்டருக்குப் போகும், அந்த ஹோஸும் தாராளமாக இருக்க வேண்டும்.

மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்க இறுக்கினாலும் இன்ஜின் ஆஃப் ஆகவில்லை

த்ராட்டில் தகடு கூடத் திறந்திருக்கிறது. மேலே சொன்ன கதைதான். பிசிவியை மறுபடி மாட்டி, ஐடில் ஸ்க்ரூவை இறக்குங்கள், மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு உயிர் வரும். பெரிய கேமுக்கு இதுவும் போதாமல் போனால் இக்னிஷன் டைமிங்கை ஐடிலில் சில டிகிரி முன்னே வைத்துப் பாருங்கள், தகட்டை இன்னும் மூட முடியும். அப்போது டெல்கோவின் (டிஸ்ட்ரிபியூட்டர்) மொத்த அட்வான்ஸ் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஏற்றத்தில் தட்டும்.

காலையில் சரி, சூடான பிறகு ஐடில் கனக்கிறது, புகைப் பரிசோதனையில் தோற்கிறது

நமது விதியில் பாரத் ஸ்டேஜ் இரண்டுக்கு முந்தைய பெட்ரோல் காருக்கு ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை அனுமதி. கார்புரேட்டர் ஒழுங்காக இருந்தால் இது எட்ட முடியாத எண் இல்லை. ஆனாலும் சில கார்கள் சூடான பிறகு மட்டும் தாண்டும்.

டிப் ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தால், ஆயில் அளவு கூடியும் இருந்தால், ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. சோக் மாட்டிக்கொண்டிருக்கலாம், பெட்ரோல் பம்ப் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம், ஃப்ளோட் நீடில் கசியலாம். இன்ஜின் சூடானதும் ஆயிலிலிருந்து அந்தப் பெட்ரோல் ஆவியாகி பிசிவி வழியாக மேனிஃபோல்டுக்குப் போகும். கார்புரேட்டர் கொடுப்பதற்கு மேல் இது. உறுதிப்படுத்த, பிளாக்கிலிருந்து பிசிவி ஹோஸைக் கழற்றி வெளிக்காற்றை இழுக்கவிடுங்கள். புகை மீட்டரில் எண் சட்டென்று பாதியாக இறங்கினால் குற்றவாளி ஆயில்தான். ஆயிலை மாற்றுங்கள், பெட்ரோல் எங்கிருந்து இறங்குகிறதோ அந்தக் கசிவை நிறுத்துங்கள். மிக்ஸ்சர் ஸ்க்ரூவை இறுக்கிப் பரிசோதனையில் பாஸ் செய்துவிட்டு வருவது அன்றைக்கு மட்டும்தான் உதவும், ஆயில் மெலிந்துகொண்டே இருக்கும், பேரிங் போகும்.

ஆயில் கசிகிறது, சீல் மாற்றியும் கசிகிறது

பின்பக்கக் கிராங்க் சீலை ஒருமுறை மாற்றிக் கசிவு நிற்கவில்லை என்றால் இரண்டாவது முறை கியர்பாக்ஸை இறக்காதீர்கள். முதலில் டிப் ஸ்டிக் குழாயில் அந்தத் தண்ணீர் டியூப்பை மாட்டுங்கள். டிப் ஸ்டிக் தானாக மேலே எழும்பியிருந்தாலே பாதிப் பதில் கிடைத்த மாதிரி.

அம்பாசடர் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பழைய 1489 சிசி பி-சீரிஸ் இன்ஜினில் பின்பக்கத்தில் ரப்பர் சீலே கிடையாது. ஷாஃப்ட்டில் மரை மாதிரி ஒரு காடி வெட்டியிருப்பார்கள், அது சுற்றும்போது ஆயிலை உள்பக்கமே திருப்பி விடும். சேம்பரில் அழுத்தம் இல்லாத வரைக்கும்தான் அந்த வித்தை பலிக்கும். ப்ரீதர் குழாய் அடைத்த அம்பாசடரில் ஆயில் நேராக கிளட்ச் மேல் வந்து சேரும். கிளட்ச் பிளேட் மூன்று மாற்றியும் வழுக்குகிறது என்று வந்த ஒரு வண்டியில் நான் செய்த வேலை, டேப்பெட் பக்க மூடியிலிருந்து வரும் குழாயைக் கம்பி விட்டுச் சுத்தம் செய்தது மட்டும்தான். உள்ளே குளவி கூடு கட்டியிருந்தது.

வழி எல்லாம் திறந்திருந்தும் தண்ணீர் வெளியே தள்ளுகிறதா? அப்படியானால் ப்ளோ-பையே அதிகம். கம்ப்ரெஷன் எடுங்கள். நாலு சிலிண்டரும் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. ரிங் போன இன்ஜினில் எந்த பிசிவியும் காப்பாற்றாது, போர் வேலைக்குத் தயாராகுங்கள். புதிதாகப் போர் செய்த இன்ஜினில் முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்.

ஏர் ஃபில்டரில் ஆயில், ஆக்சிலரேட்டர் மிதித்தால் நீலப் புகை

இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் மாற்றியமைத்த கார்களில் இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே காரணம்: டேப்பெட் கவர்.

கம்பெனி கவரைத் திருப்பிப் பாருங்கள். ப்ரீதர் வாய்க்குக் கீழே ஒரு தகடு வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். ராக்கர்கள் சிதறடிக்கும் ஆயில் நேராக வாயில் அடிக்காமல் அந்தத் தகட்டில் பட்டுச் சொட்டும். அழகுக்காக வாங்கும் அலுமினியக் கவர்களில் பலவற்றில் அந்தத் தகடு இருக்காது, வெறும் ஓட்டைதான். நைஸ் எக்ஸ்பிரஸ் ரோட்டில் வேகமாக ஒரு இழுப்பு இழுத்தால் ஃபில்டர் நனைந்துவிடும். பெரியவரின் கவரும் இதே ரகம். ஒரு மி.மீ. அலுமினியத் தகட்டை மூன்று பக்கம் மடித்து, நாலாவது பக்கம் மட்டும் ஆயில் வடியத் திறப்பு விட்டு, உள்ளே ரிவெட் அடித்தேன். ரிவெட்டின் உடைந்த ஊசித் துண்டு ஒன்றுகூட உள்ளே தங்கக் கூடாது. காந்தத்தால் துழாவி, கவிழ்த்துத் தட்டி, கழுவி, அப்புறம்தான் மாட்டவேண்டும்.

புகை எங்கிருந்து என்று பிரித்தறிய, பிசிவி ஹோஸைக் கழற்றி மேனிஃபோல்டு வாயை அடைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். புகை நின்றால் ப்ரீதர் வழியாக ஆயில் போயிருக்கிறது. நிற்கவில்லை என்றால் வால்வு சீலோ கைடோ ரிங்கோ. கைடு தேய்ந்த இன்ஜினுக்கு ஓர் அடையாளம்: ஓசூர் தாண்டி சூளகிரி இறக்கத்தில் காலை எடுத்துவிட்டு நெடுநேரம் இறங்கி, கீழே மறுபடி ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது கண்ணாடியில் ஒரு நீலப் பந்து தெரியும். இறக்கத்தில் வேக்குவம் உச்சத்தில் இருக்கும், கைடு வழியாக ஆயிலை உறிஞ்சி வைத்திருக்கும்.

ப்ரீதர் வழியாக வரும் ஆயிலைப் பிடித்து வைக்கும் கேட்ச் கேன் வைக்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக. ஆனால் வெறும் டப்பா வேண்டாம், உள்ளே தடுப்போ கம்பிவலையோ இருக்க வேண்டும். ஹோஸ் உள்விட்டம் 12 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எங்கும் தொங்கி வளைந்து ஆயில் தேங்கும் பள்ளம் இருக்கக் கூடாது. இ20 வந்த பிறகு சாதாரணத் தண்ணீர் ஹோஸை இந்த இடத்தில் போடுவதை நான் விட்டுவிட்டேன். உள்சுவர் ஊதி மென்மையாகி வேக்குவத்தில் ஒட்டிக்கொள்கிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சீட்டி அடிக்கிறது

ஐடிலில் மெல்லிய சீட்டி, ஆயில் மூடியைத் திறந்தால் நிற்கிறது, ஆர்பிஎம்மும் மாறுகிறது. சேம்பருக்குள் வேக்குவம் மிதமிஞ்சிப் போய், ஏதோ ஒரு சீல் வழியாக வெளிக்காற்று உள்ளே நுழைகிறது. புதுக் காற்று வரும் வழி அடைத்திருக்கிறதா பாருங்கள். 1960களின் பிரிட்டிஷ் கார்களில் காளான் வடிவில் வரும் டயாஃப்ரம் வகை வால்வு இருந்தால் ரப்பர் கிழிந்திருக்கும். கிழிந்தால் முழு வேக்குவமும் சேம்பருக்குப் போகும். உடனே மாற்றுங்கள், சீல்களை உள்ளிழுத்துக் கெடுத்துவிடும்.

இரட்டைக் கார்புரேட்டர், ஒரு சிலிண்டர் மட்டும் தகராறு

1817 சிசி இசுசூ இன்ஜினில் இரண்டு சைடு டிராஃப்ட் வெபர் போட்ட அம்பாசடர்கள், கான்டெசாக்கள் நம் ஊரில் சில உண்டு. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிப் பாதை. பிசிவி ஹோஸை அதில் ஏதாவது ஒரு பாதையில் மட்டும் செருகினால் அந்தச் சிலிண்டர் மட்டும் லீனாகி விட்டுவிட்டு அடிக்கும். அந்தச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள், மற்ற மூன்றும் பழுப்பாக இருக்க, அது மட்டும் வெளுத்திருக்கும். நாலு பாதையிலும் சின்னத் துளை போட்டு ஒரு பொதுக் குழாயில் சேர்த்து, அந்தக் குழாயிலிருந்து இழுங்கள். அதற்கு இடமோ மனமோ இல்லை என்றால், இந்த ஓர் அமைப்பில் மட்டும் பிசிவி இல்லாமல், பிளாக்கிலிருந்தும் டேப்பெட் கவரிலிருந்தும் இரண்டு அகலமான ஹோஸ்களை ஒரு நல்ல கேட்ச் கேனுக்கு விடுவதை நான் ஒத்துக்கொள்வேன். ஆயிலை மட்டும் சீக்கிரம் மாற்றுங்கள்.

டர்போ போட்டவர்கள் மேனிஃபோல்டு ஹோஸில் பூஸ்டை, அதாவது டர்போ தள்ளும் அழுத்தத்தை, தாங்கும் ஒரு செக் வால்வு வைத்தே ஆகவேண்டும். சாதாரண பிசிவி வால்வு பூஸ்டை முழுசாகத் தடுக்காது, சேம்பர் ஊதிவிடும்.

ஆயில் மூடியில் வெள்ளைப் பசை

மழைக்காலத்தில் வீட்டிலிருந்து மார்க்கெட் வரை மட்டும் ஓடும் காரில் இது சகஜம். இன்ஜின் சூடாவதற்குள் நிறுத்திவிடுகிறோம், நீராவி வெளியேறாமல் ஆயிலோடு கலக்கிறது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டினால் போய்விடும். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால்தான் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

பிசிவி நிரபராதி என்று தெரிந்தால்

பிறகு வழக்கமான இடங்கள்: மேனிஃபோல்டு கேஸ்கெட், கார்புரேட்டர் அடிப் பேக்கிங், த்ராட்டில் ஷாஃப்ட் தேய்மானம், பிரேக் பூஸ்டர் ஹோஸ். பழைய சோலெக்ஸ் கார்புரேட்டரில் ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அங்கேயே லீக். கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சித் தேடும் பழக்கம் பலருக்கும் உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அதைச் செய்யாதீர்கள், தீப்பிடித்த ஒரு காரை நேரில் பார்த்தவன் சொல்கிறேன். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினாலே லீக் இருக்கும் இடத்தில் ஐடில் மாறும்.

பெரியவரின் பத்மினிக்குச் செய்தது

போல்ட்டையும் எம்-சீலையும் உளியால் செதுக்கி எடுக்கவே ஒரு மணி நேரம். ப்ரீதர் குழாயைச் சுத்தம் செய்து கம்பிவலை வைத்தேன். முதலில் ஏ12க்கான ஸ்டாக் பிசிவி வால்வையே மாட்டிப் பார்த்தேன். வேக்குவம் 10, குண்டு துடித்தது, ஐடில் நிற்கவில்லை. எடுத்துவிட்டு 1.5 மி.மீ. ஜெட். கொஞ்சம் பரவாயில்லை, ஆனால் தாள் இன்னும் மிதந்தது. 1.8 போட்டதும் தாள் மெதுவாகப் போய் ஒட்டிக்கொண்டது. டேப்பெட் கவருக்குள் தகடு அடித்து, குட்டி ஃபில்டரைக் கழற்றி, அங்கிருந்து ஏர் ஃபில்டர் டப்பாவுக்கு 15 மி.மீ. ஹோஸ் இழுத்தேன்.

அப்புறம்தான் கார்புரேட்டர். புது மிக்ஸ்சர் ஸ்க்ரூ போட்டு, ஐடில் ஸ்க்ரூவை முக்கால் சுற்று இறக்க முடிந்தது. டைமிங்கை நாலு டிகிரி முன்னே வைத்தேன். மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று திருப்பினால் இன்ஜின் பதில் சொன்னது. 950இல் நிறுத்தினேன். அந்தக் கேமுக்கு அதற்குக் கீழே கேட்கக் கூடாது. கேஜ் 12இல் லேசான நடுக்கத்தோடு நின்றது.

பின்பக்க சீலைத் தொடவில்லை. ஆயில் கசிவுக்காகப் பெரியவர் அதை இரண்டு முறை மாற்றியிருந்தார், மூன்றாவதற்கும் பணம் எடுத்து வந்திருந்தார். "முதல்ல ஓட்டிப் பாருங்க சார், ராத்திரி வண்டிக்கு அடியில பேப்பர் விரிச்சு வைங்க" என்றேன். 500 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அந்தப் பேப்பரையே மடித்து எடுத்து வந்தார். இரண்டு வாரத்துக்கு மூன்று சொட்டு, அதுவும் கியர்பாக்ஸ் ஆயில். ஜெட் வைத்த ஹோஸைக் கழற்றிப் பார்த்தேன், உள்சுவர் காய்ந்திருந்தது, துளையில் பிசின் இல்லை. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ஜெட்டைக் கழற்றிக் கழுவி வைக்கச் சொல்லி, தேதியை டேப்பெட் கவரின் ஓரத்தில் மார்க்கரால் எழுதிக் கொடுத்தேன்.